தொட்டியில் வளர்வது அசோலாவா, சால்வீனியாவா?

கேள்வி: தல்லாகுளத்தில் குடியிருக்கும் ஒரு வாசகருக்கு அழகர்கோவில் சாலையில் இரண்டு ஏக்கர் நிலமும் நாலு கறவை மாடுகளும் இருக்கின்றன. அவர் எழுதியிருப்பது: "ஆலப்புழை பக்கம் உறவுக்காரர் வீட்டுக்குப் போனபோது வாய்க்காலில் அசோலா மாதிரி பச்சைப் பசேல் என்று மிதந்தது. ஒரு வாளி அள்ளி வந்து தொட்டியில் விட்டேன். பத்தே நாளில் தொட்டி நிறைந்துவிட்டது. ஆனால் மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இலை வரவரத் தடிக்கிறது, மடங்கி நிமிர்ந்து நிற்கிறது. மீந்ததைக் கொஞ்சம் வரத்துக் கால்வாய் ஓரம் கொட்டினேன். இது எந்த ரக அசோலா? கண்மாயில் விட்டு வளர்த்தால் ஊருக்கே தீவனம் ஆகுமா?"

பதில்: கண்மாயில் விடவே கூடாது. கால்வாய் ஓரம் கொட்டியதையும் இன்றே போய் அள்ளிவிட வேண்டும். கடிதத்தில் சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தால் இது அசோலாவே இல்லை. சால்வீனியா மொலெஸ்டா என்ற வேறொரு நீர்ப்பெரணி. மலையாளத்தில் இதை 'ஆப்பிரிக்கன் பாயல்' என்பார்கள். குட்டநாட்டு நெல் விவசாயிகளை இருபது வருஷத்துக்கு மேல் படாத பாடு படுத்திய களை இது.

சின்ன வயதில் இரண்டும் ஏமாற்றும். இளஞ்செடியாக இருக்கும்போது சால்வீனியாவின் இலையும் சிறியதாய், தட்டையாய், தண்ணீரோடு ஒட்டிக்கிடக்கும். ஆனால் ஒரு செடியைக் கையில் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அசோலாவின் இலைகள் கண்ணுக்குத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாத அளவு பொடி. மீன் செதில் அடுக்கினது போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். முழுச்செடியே விரல்நகம் அகலம்தான், முக்கோணமாய் இருக்கும். வெயில் அதிகமானால் செம்மை ஏறும். அடியில் மெல்லிய உண்மையான வேர் தொங்கும்.

சால்வீனியாவில் ஒரு கணுவுக்கு மூன்று இலை. இரண்டு மேலே மிதக்கும். மூன்றாவது தண்ணீருக்குள் தொங்கி, பழுப்பு நிறத்தில் இழை இழையாய்ப் பிரிந்து, பார்ப்பவர்களுக்கு வேர் போலவே தெரியும். அது வேர் இல்லை, இலைதான். இந்தச் செடிக்கு வேரே கிடையாது. மேலே மிதக்கும் இலை ஒவ்வொன்றும் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் வரை வளரும். நெருக்கம் கூடக்கூட நடுநரம்போடு மடிந்து, திறந்த புத்தகம் மாதிரி நிமிரும். வாசகர் பார்த்தது இதைத்தான்.

இன்னும் சந்தேகம் இருந்தால் இலையின் மேல்பக்கத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் இருக்கும் சாதாரணக் கண்ணாடி போதும். இலை முழுக்க வரிசையாய் மயிர்கள் நிற்கும். ஒவ்வொரு மயிரும் நுனியில் நாலாய்ப் பிரிந்து மறுபடி ஒன்று சேர்ந்து, தயிர் கடையும் மத்துத் தலை மாதிரி இருக்கும். அந்தக் கூட்டுக்குள் காற்று தங்குவதால் இலை நனையாது. தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாய் உருண்டு ஓடிவிடும். அசோலாவில் இந்த மத்து மயிர் கிடையாது.

இரண்டும் பெரணி இனம்தான், ஒரே குடும்பமும்கூட. பூ, காய், விதை எதுவும் இரண்டுக்கும் இல்லை. நெல் வயலில் நாலு இலையோடு தானாக முளைக்கிறதே ஆரைக்கீரை, அதுவும் இவற்றுக்கு நெருங்கிய உறவான பெரணிதான் என்றால் பலர் நம்பமாட்டார்கள். ஆனால் குணத்தில் மூன்றுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அசோலாவின் இலைக்குள் அனபீனா என்ற நீலப்பச்சைப் பாசி குடியிருந்து காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிறது. புரதம் சேர்வதும், மாடு விரும்பித் தின்பதும் அதனால்தான். சால்வீனியாவுக்கு அப்படி ஒரு துணை இல்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் தழைச்சத்தைத்தான் அது உறிஞ்சும். நாரும் துவர்ப்பும் மிகுந்தது, செரிமானத்துக்கும் உதவாது. மாடு முகத்தைத் திருப்பிக்கொண்டதில் தப்பே இல்லை.

வளர்ச்சி வேகம்தான் பயப்பட வேண்டிய விஷயம். சத்துள்ள வெதுவெதுப்பான தண்ணீரில் சில நாட்களிலேயே இது இரட்டிப்பாகும். வாரத்துக்கு ஒரு முறைதான் இரட்டிக்கிறது என்று குறைத்தே கணக்குப் போட்டாலும், ஒரு சதுர மீட்டர் செடி பத்து வாரத்தில் கால் ஏக்கரை மூடும். பதினாறு வாரத்தில் பதினாறு ஏக்கர். ஆடியில் கொட்டிய ஒரு கூடை கார்த்திகைக்குள் ஒரு நடுத்தரக் கண்மாயை மூடிவிடும். பிறகு ஒன்றன்மேல் ஒன்று ஏறி முழங்கால் உயரத்துக்கு மெத்தையாகும். வெளிச்சமும் காற்றும் உள்ளே போகாமல் மீன் சாகும். மடை அடைபடும்.

இத்தனைக்கும் இது மலட்டுச் செடி. குரோமோசோம் ஐந்து மடங்காக இருப்பதால் உருப்படியான வித்துத்துகள் உண்டாவதில்லை. ஒடிந்த துண்டில் ஒரு மொட்டு இருந்தால் போதும், அது தனிச்செடியாகிவிடும். உலகத்தில் எங்கெல்லாம் இது பரவியிருக்கிறதோ அங்கெல்லாம் இருப்பது ஏறக்குறைய ஒரே செடியின் துண்டுகள்தான்.

'ஆப்பிரிக்கன் பாயல்' என்ற பெயரால், இது ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்றுதான் இன்றும் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஆப்பிரிக்காவுக்கும் இது வந்தேறிதான். ஜாம்பேசி ஆற்றின் குறுக்கே கட்டிய கரிபா அணையை 1958 டிசம்பரில் மூடித் தண்ணீர் தேக்க ஆரம்பித்தார்கள். 1959 மே மாதம் அங்கே இந்தச் செடி கண்ணில் பட்டது. 1962-க்குள் சுமார் 1,000 சதுர கிலோமீட்டர் தண்ணீர்ப் பரப்பை மூடிவிட்டது. உலகம் முழுவதும் பேச்சானதும், அந்த ஊரின் பெயரே செடிக்கு ஒட்டிக்கொண்டது.

இலங்கைக்கு அதற்கும் முன்பே வந்துவிட்டது. 1939-இல் கொழும்பில் தாவரவியல் படிப்புக்காகக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து தப்பி, 1950-களின் நடுவில் ஆயிரக்கணக்கான ஏக்கர் நெல் வயல்களில் பரவியிருந்தது. கேரளத்தில் 1950-களில் திருவனந்தபுரம் வேளிக் காயல் பக்கம் முதலில் தென்பட்டது. 1960-களில் குட்டநாடு முழுவதும் பிடித்துக்கொண்டது. அங்கே வயலைவிட வாய்க்கால் உயரம். தண்ணீர் பாய்ச்சினாலே செடியும் வயலுக்குள் வந்துவிடும். நாற்று நடுவதற்கு முன் ஆள் வைத்து வாரிக் கரையேற்ற வேண்டும். வள்ளம் போகாது. படித்துறையில் குடம் அமிழ்த்தவே இடம் இருக்காது.

மருந்து அடித்துப் பார்த்தார்கள், வாரிப் பார்த்தார்கள். எதுவும் நிற்கவில்லை. ஒரு செடி பிறந்த ஊரில் அதைத் தின்று கட்டுக்குள் வைக்கிற பூச்சி ஒன்று நிச்சயம் இருக்கும் என்பது பூச்சியியல் படித்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் பிறந்த ஊர் எது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. அந்தக் காலத்தில் இதை சால்வீனியா ஆரிகுலாட்டா என்ற தென் அமெரிக்கச் செடி என்றே எல்லோரும் எண்ணியிருந்தார்கள். எனவே 1960-களில் டிரினிடாட், கயானா பக்கம் போய், அந்தச் செடியில் இருந்த ஒரு கூன்வண்டு, ஒரு அந்துப்பூச்சி, ஒரு வெட்டுக்கிளி ஆகியவற்றைப் பிடித்து வந்து பல நாடுகளில் விட்டார்கள். வெட்டுக்கிளி கேரளத்துக்கும் வந்தது. சொல்லிக்கொள்ளும்படி பலன் இல்லை.

1972-இல் டி. எஸ். மிட்செல் என்ற ஆராய்ச்சியாளர் இந்தச் செடியை நுணுக்கமாக ஆராய்ந்து, இது ஆரிகுலாட்டாவே இல்லை, தனி இனம் என்று காட்டி, சால்வீனியா மொலெஸ்டா என்று பெயரிட்டார். அதுவரை தேடியது வேறொரு செடியின் ஊரில் என்றாகிவிட்டது. பிறகு ஆஸ்திரேலிய அரசு ஆராய்ச்சி நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வைச் சேர்ந்த வெண்டி ஃபோர்னோ, கென் ஹார்லி இருவரும் 1978-இல் உண்மையான தாயகத்தைக் கண்டுபிடித்தார்கள். பிரேசிலின் தென்கிழக்குக் கடலோரம், தெற்கு அட்சரேகை 24 பாகையிலிருந்து 32 பாகை வரை, கடலிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் உள்ளே வரை, ஒரு சின்னப் பட்டைதான். பாதி உலகத்தை மூடிய செடியின் சொந்த ஊர் அவ்வளவே. அந்த ஊரில் இது குளத்தோரம் அடக்க ஒடுக்கமாய்க் கிடந்தது.

அங்கேயும் ஒரு கூன்வண்டு இருந்தது. இரண்டு மில்லிமீட்டர் நீளம், கறுப்பு நிறம். முன்பு டிரினிடாட்டில் பிடித்த அதே வண்டுதான் என்று முதலில் நினைத்தார்கள். ஆனால் இதன் வேலையே வேறாக இருந்தது. வளர்ந்த வண்டு மொட்டைத் தின்கிறது, புழு தண்டுக்குள் குடைகிறது. செடி பழுத்துப் பழுப்பாகித் தண்ணீரில் மூழ்கிவிடுகிறது. 1980 ஜூனில் ஆஸ்திரேலியாவின் மவுன்ட் ஐசா அருகே மூன்டாரா ஏரியில் சுமார் 1,500 வண்டுகளை விட்டார்கள். 200 ஹெக்டேரில் கிடந்த, சுமார் 18,000 டன் எடையுள்ள செடியை 1981 ஆகஸ்டுக்குள் அவை முடித்துவிட்டன. 1985-இல்தான் அந்த வண்டும் புது இனம் என்று உறுதியாகி, சிர்ட்டோபேகஸ் சால்வீனியே என்று பெயர் பெற்றது. செடியிலும் பெயர்க் குழப்பம், வண்டிலும் பெயர்க் குழப்பம். இரண்டும் தீர்ந்த பிறகே வழி முழுதாக விளங்கியது. விதைப் பையில் ரகத்தின் பெயரைப் படிக்காமல் வாங்குகிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பப்புவா நியூ கினியில் நடந்ததை நெல் விவசாயிகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே செபிக் ஆற்றுப் பகுதியில் 1970-களின் தொடக்கத்தில் யாரோ கொண்டுவந்து விட்ட சில செடிகள், பிறகு சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரவிவிட்டன. படகில்லாமல் பிழைக்க முடியாத ஊர்கள் அவை. பள்ளிக்கூடம், வைத்தியம், சந்தை எல்லாமே படகில்தான். வண்டைக் கொண்டுபோய் விட்டபோது முதலில் அது நிலைக்கவில்லை. அங்கே தண்ணீரில் தழைச்சத்து குறைவு, செடியும் சத்தில்லாமல் இருந்தது. சத்தில்லாத செடியைத் தின்று வண்டு பெருகவில்லை. கடைசியில் களைக்கே யூரியா போட்டார்கள்! செடி தழைத்ததும் வண்டு பிடித்துக்கொண்டது. பிறகு சில வருஷங்களில் தண்ணீர் தெளிந்தது. யூரியாவை அள்ளிப் போட்ட நெல் வயலுக்குத்தான் இலைச்சுருட்டுப்புழுவும் புகையானும் முதலில் வரும் என்று மேலூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வதும் இதே கணக்குதான். இந்தப் பணிக்காக 1985-இல் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வுக்கு யுனெஸ்கோ அறிவியல் பரிசு கிடைத்தது.

நம் நாட்டுக்கு இந்த வண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து பெங்களூருக்கு வந்தது. நெல்லையோ மற்றப் பயிர்களையோ தின்னாது என்று சோதித்த பின், முதலில் பெங்களூரில் ஒரு அல்லிக் குளத்தில் விட்டார்கள். ஒரு வருஷத்துக்குள் குளம் சுத்தமானது. 1983-84 முதல் கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகம் அங்குள்ள காயல்களிலும் வாய்க்கால்களிலும் விட்டது. சில வருஷத்திலேயே குட்டநாடு மூச்சு விட்டது. அதுவரை இந்தக் களையை வாருவதற்கு மட்டும் ஹெக்டேருக்கு 235 ரூபாய் கூலி ஆகிக்கொண்டிருந்தது. அன்றைய 235 ரூபாய்! இலங்கையில் 1986-இல் இதே வண்டை விட்டு இதே பலனைக் கண்டார்கள். ஆலப்புழை வாய்க்காலில் இன்றும் செடி கிடக்கிறதே என்றால், வண்டு அடியோடு ஒழிப்பதில்லை, அடக்கி வைக்கிறது. செடி குறைந்தால் வண்டும் குறையும், செடி கூடினால் வண்டும் கூடும். ஆனால் ஒரு வாளியில் மதுரைக்கு வந்த செடியோடு வண்டும் வந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இங்கே அது எதிரி இல்லாத செடி.

வெளியூர்ச் செடி என்றாலே தீமை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அசோலா பின்னேட்டா நம் வயல்களுக்குச் சொந்தமானது. ஆப்பிரிக்காவிலிருந்து ஆசியா வழியாக ஆஸ்திரேலியா வரை இயல்பாகவே உள்ளது. ஆனால் தீவனத் தொட்டிகளுக்கென்று கொடுக்கப்படும் அசோலா மைக்ரோஃபில்லா அமெரிக்கக் கண்டத்துச் செடி. அது தொட்டிக்குள் இருக்கும்வரை நல்லதே செய்கிறது. வேர்க்கடலையும் மிளகாயும்கூட அங்கிருந்து வந்தவைதான். வந்த செடியின் பிடி யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். வண்டியூர், செல்லூர் கண்மாய்களில் ஆகாயத்தாமரை என்ன செய்தது என்று தல்லாகுளத்துக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதுவும் தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காக வந்த செடிதான்.

மதுரைச் சமவெளிக்கு ஒரு வகையில் நல்ல காலம். கோடையில் வெடித்துக் காய்கிற கண்மாயில் சால்வீனியா நிலைக்காது. வெயிலில் உலர்ந்தால் செத்துவிடும். குட்டநாடு மாதிரி வருஷம் முழுக்கத் தண்ணீர் நிற்கும் இடம்தான் அதற்கு வீடு. ஆனால் கழிவுநீர் விழுந்து விழுந்து சித்திரையிலும் வற்றாத நகர ஓரக் கண்மாய்களும், கிணறு, பண்ணைக் குட்டை, மீன் குட்டைகளும் இருக்கின்றன. கழிவுநீரில் தழைச்சத்துக்குப் பஞ்சம் இல்லை. இங்கே கண்மாய்கள் சங்கிலி போல் கோத்தவை. ஒன்று நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்ததற்குப் போகும். மேலே ஒரு கண்மாயில் ஏறினால் வடகிழக்குப் பருவமழையில் ஒரே வெள்ளத்தில் கீழே உள்ள அத்தனை கண்மாய்க்கும் போய்ச் சேரும். அதனால்தான் முதல் வரியிலேயே 'இன்றே' என்று சொன்னது.

செய்ய வேண்டியது இதுதான். கால்வாய் ஓரம் கொட்டிய இடத்தில் கிடப்பதை மண்ணோடு சேர்த்து வாரி, தண்ணீருக்கு எட்டாத மேட்டில் மெல்லிசாகப் பரப்பிக் காயவிட வேண்டும். குவியலாகப் போட்டால் அடியில் ஈரத்தில் மொட்டு உயிரோடு இருக்கும், இரண்டு நாளுக்கு ஒருமுறை கிளறிவிட வேண்டும். சருகாய் நொறுங்கிய பிறகு குப்பைக் குழியில் போடலாம். மட்க நாளானாலும் எருவாகும். கால்வாயில் துண்டு ஏதும் மிதந்தால் கொசுவலையோ பழைய சேலையோ இரண்டு பேர் பிடித்து இழுத்து எடுக்கலாம். அடுத்த ஆறு வாரத்துக்கு வாரம் ஒருமுறை அந்தப் பக்கம் ஒரு நடை போய்ப் பார்த்து வருவது அவசியம். முதல் தடவை வாரியதில் தப்பிய ஒற்றைத் துண்டுதான் மறுபடி கிளம்பும்.

தொட்டித் தண்ணீரை ஓடையிலோ வாய்க்காலிலோ திறந்துவிடக் கூடாது. துணியில் வடிகட்டி, தென்னந்தோப்பு மாதிரி வறண்ட நிலத்தில் ஊற்ற வேண்டும். அடிமண்ணை எடுத்து வெயிலில் போட்டு, தார்ப்பாயைக் கழுவி ஒரு வாரம் காயவைத்த பிறகுதான் புதிதாக அசோலா விட வேண்டும். அள்ளிய வாளி, வலை, மண்வெட்டி, சாணிக்கூடையின் இண்டு இடுக்கு எல்லாம் சேர்த்துத்தான்.

புது அசோலாவை வாய்க்காலில் அள்ளாமல், ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியிலோ ஏற்கெனவே நன்றாக வளர்க்கும் விவசாயியிடமோ விசாரித்து வாங்குவது நல்லது. இரண்டு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், ஒரு சாண் ஆழத் தொட்டிக்குச் சலித்த மண் 10 முதல் 15 கிலோ, சாணம் 2 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 30 கிராம், பத்து சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர், விதை அசோலா அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை. ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒரு கிலோ சாணமும் 20 கிராம் சூப்பர் பாஸ்பேட்டும் கரைத்து ஊற்றினால் தினம் அரை கிலோவுக்குக் குறையாமல் எடுக்கலாம். மதுரை வெயிலுக்கு நிழல்வலையோ தென்னங்கீற்றோ மேலே இல்லாமல் அசோலா பிழைக்காது. நாலு மாட்டுக்கு ஒரு தொட்டி போதாது, மூன்று நான்காவது வேண்டும். கொடுக்கும்போது நல்ல தண்ணீரில் சாண வாடை போகக் கழுவி, முதல் சில நாள் தவிட்டோடு பிசைந்து வைத்தால் மாடு பழகிக்கொள்ளும்.

அந்த வண்டைக் காசு கொடுத்து வாங்கித் தொட்டியில் விடலாமா என்று இன்னொரு வாசகர் கேட்கக்கூடும். தேவையில்லை. தொட்டிக்கும் குட்டைக்கும் கையே போதும். வண்டு என்பது ஏக்கர் கணக்கில் மூடிய நீர்நிலைக்கான வைத்தியம், அதை ஆராய்ச்சி நிலையங்களும் துறையும் சேர்ந்துதான் செய்ய வேண்டும். கால்நடை குடிக்கிற, பாசனத்துக்குப் போகிற தண்ணீரில் களைக்கொல்லியைத் தன் போக்கில் அடிப்பதும் கூடாது.

ஊர்க் கண்மாயில் இதே மாதிரிச் செடி யார் கண்ணிலாவது பட்டால், செல்போனில் படம் எடுத்து வட்டார வேளாண் அலுவலகத்தில் காட்டலாம். செடியையே கொண்டுவர வேண்டுமானால் தண்ணீர் வாளியில் வேண்டாம். இரண்டு செடியை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டிக் கொண்டுவந்தால் போதும்.